இனம் ஏழு: பூமி உண்டா?

ஆண்டவரைச் சுவரில் மாட்டுவதற்காக நான் அடித்த ஆணி நேரே மின்சாரத்தில் போய் இறங்கியது.

திரு இருதய ஆண்டவர் படம். கண்ணாடி போட்டது. சேலத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பிறக்கப்போகிற பிள்ளையின் தலைமாட்டில் இருக்கட்டும் என்று என் மனைவி இசபெல்லா ஆசைப்பட்டாள். எந்த இடத்தில் ஆணி அடிக்க வேண்டும் என்று விரலால் தொட்டும் காட்டினாள். நான் அரை அடி தள்ளி அடித்தேன். அவள் காட்டிய இடம் சுவரின் மையமாக இல்லை என்பது என் கட்சி. நான் அச்சுக்கோப்பவன், எதையும் மையத்தில் நிறுத்துவது என் தொழில்புத்தி. முப்பத்தெட்டாம் வருஷம் என் அப்பா இந்த வீட்டுக்குக் கரண்டு இழுத்தபோது வைத்த மரப்பட்டி, வருஷாவருஷம் அடித்த சுண்ணாம்பில் சுவரோடு சுவராக மறைந்துபோய், உள்ளே வயரோடு மிகச் சரியாக மையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கும் அதே புத்தி.

பட்டென்று ஒரு சத்தம். நான் கட்டில் மேல் கிடந்தேன். சுத்தியல் அடுப்படியில் கிடந்தது. ஆணியின் தலை உடைந்து எங்கோ போய்விட்டது. முனை உள்ளேயே தங்கிவிட்டது. விளக்கு மட்டும் அணையவில்லை. அணைந்திருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை மிச்சம்.

அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு உயிர் வந்துவிட்டது. வெயில் நாளில் தொட்டால் கிச்சுக்கிச்சு மூட்டும். ஐப்பசி மழையில் சுவர் ஊறியதும் கடிக்க ஆரம்பித்தது.

இசபெல்லாவுக்கு ஏழு மாதம். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும். அவளுக்குத் தாய்வீடு என்று போக இடமில்லை. அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே அண்ணன் கோலார் தங்கவயலில் ஒற்றை அறைக் குடித்தனம். இந்த வீட்டில்தான் பிள்ளைப்பேறு என்று முடிவாகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அரிசி புடைத்துவிட்டு எழும்போது பழக்க தோஷத்தில் உள்ளங்கையைச் சுவரில் ஊன்றிவிட்டாள். அலறிக்கொண்டு உட்கார்ந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அசையலைங்க."

நானும் அவளும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது நிமிஷம் கழித்து, "ஒதைக்கறான்" என்றாள். அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. மின்சார ஆபீஸில் மட்டும் பதினொரு முறை பேசினேன். அதை எழுதிக்கொள்ளப் படிவத்தில் இனம் இல்லை என்றார்கள்.

மறுநாள் கடைத்தெரு ரேடியோ ரிப்பேர்க்காரரைக் கூட்டிவந்தேன். அவருக்கு வயரிங் லைசென்சும் உண்டு. இரண்டு வயர் தொங்கும் ஒரு பல்பை அவர் சுவரில் வைத்துப் பார்த்தார். பல்பு மங்கலாக எரிந்தது.

"செவுத்துக்கே கனெக்சன் குடுத்துட்டீங்களே சாமி" என்றார். "அரை மணி நேர வேலைதானுங்க. பழைய வயரை உருவிட்டுப் புதுசு இழுத்தரலாம். மெயினை மட்டும் அணையுங்க."

மெயின் சுவிட்சின் கைப்பிடி அப்பா காலத்திலேயே ஒடிந்து, போட்டது போட்டபடி துருவேறி நிற்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் பியூஸ் பெட்டியைக் காட்டினேன். அதில் இலாகாவின் ஈய முத்திரை தொங்கிக்கொண்டிருந்தது. ரிப்பேர்க்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"அதுல கைய வெச்சா ஆறு மாசம் உள்ள தள்ளிருவாங்க. நீங்க உள்ள போனா வெளிய வந்துருவீங்க. என்ற லைசென்சு வெளிய வராதுங்க. எர்த்து வேற கெடையாது இந்த ஊட்டுக்கு. ஆபீஸ்ல ஒரு மனு குடுங்க. அவுங்க ஆள் வந்து அணைச்சுக் குடுத்தா அன்னிக்கே நான் வாரேன்."

முத்திரையை நானே அறுத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. நான் தைரியசாலி இல்லை என்பது அடுத்த கணம் நினைவுக்கு வந்தது. பிள்ளை பிறக்கும்போது அப்பன் ஜெயிலில் இருந்தான் என்று ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுத மாட்டார்கள்தான். ஆனால் ஊர் எழுதிக்கொள்ளும். ஆகவே சாக்பீஸை எடுத்து, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளித் தரையில் ஒரு கோடு போட்டேன். "இதைத் தாண்டாதே" என்றேன். கட்டிலை நடு வீட்டுக்கு இழுத்தேன். விட்டத்திலிருந்து ஒரு பழைய புடவையை முறுக்கித் தொங்கவிட்டேன். இசபெல்லா அதைப் பிடித்துக்கொண்டு எழப் பழகினாள். "கோயில் மணி அடிக்கறாப்பல இருக்குது" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் ஊர் ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற ரஸ்தாவில் இருக்கிறது. அங்கே இருந்த மின்சார ஆபீஸ் ஒரு பழைய நெல் கிட்டங்கி. நான் மரியாதையாகச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். குமாஸ்தாக்கள் எல்லோரும் காலுக்கடியில் ஆளுக்கொரு மரப்பலகை போட்டு, அதன்மேல் பாதங்களை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். வாத நோய் இலாகாவுக்கே பரவிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டு, தலைமைக் குமாஸ்தா கைலாசத்தின் இரும்பு மேஜையில் கையை ஊன்றினேன்.

என் வீட்டுச் சுவர் என்னை ஆபீஸ்வரை தொடர்ந்து வந்துவிட்டது போலிருந்தது.

"பார்வையாளர்கள் மேஜையைத் தொடக் கூடாது" என்றார் கைலாசம், தலை நிமிராமல். "போர்டு இருக்கே, பார்க்கலையா?"

போர்டு மேஜையின் அந்தப் பக்கம், அவரைப் பார்த்து இருந்தது.

"பலகை ஒண்ணு எனக்கும் கெடைக்குங்களா?"

"பலகை அலுவலர்களுக்கு மட்டும் வழங்கப்பட்டது. பொதுமக்களுக்கு ஒதுக்கீடு இல்லை. என்ன விஷயம்?"

சொன்னேன். சுவர், மழை, ஏழு மாதம், நாற்பது நிமிஷம். கைலாசம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரு படிவத்தை நீட்டினார்.

"நல்ல நேரத்தில் வந்தீங்க. போன வருஷம் வந்திருந்தா இங்கிலீஷில் இருந்திருக்கும். இப்ப எல்லாம் தமிழ்தான். யாருக்கும் புரியலேன்னு பேச்சே வரக் கூடாது பாருங்க."

முதல் ஆறு இனங்கள் எளிதாக இருந்தன. ஏழாவது இப்படி இருந்தது:

7. (அ) உயிருள்ளவை எத்தனை? (ஆ) இறந்தவை எத்தனை? (இ) பூமி உண்டா? உண்டெனில் விவரம்.

இலாகா இவ்வளவு ஆழமாக விசாரிக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. (அ) இரண்டு, மூன்றாவது தை மாதம் வரும் என்று எழுதினேன். (ஆ) இரண்டு, என் அப்பாவும் அம்மாவும். மூன்றாவது கேள்விக்குத்தான் வெட்கமாக இருந்தது. எங்கள் பக்கம் பூமி என்றால் காடுகரைதான். "அவுங்களுக்கு ஏதாச்சும் பூமி இருக்குதா?" என்றுதான் பெண் கொடுக்கும்போதே கேட்பார்கள். இசபெல்லாவின் அண்ணனும் கேட்டார். அன்றைக்குச் சொன்ன பதிலையே இன்றைக்கும் எழுதினேன்: இல்லை.

கைலாசம் பேனாவைத் திறந்து, வரி வரியாகச் சரி போட்டுக்கொண்டு வந்தார்.

"உயிருள்ளவை இரண்டு. சரி. மூன்றாவது வரும்போது தனியா மனு கொடுக்கணும். அது கூடுதல் பளு."

"கொடுத்தர்றனுங்க."

"இறந்தவை இரண்டு. அப்புறப்படுத்தியாச்சா? தொங்கிக்கிட்டு இருக்கக் கூடாது."

"அடக்கம் பண்ணியாச்சுங்க."

"எத்தனை அடி ஆழம்?"

"ஆறடிங்க."

"மேலே என்ன?"

"சிலுவைங்க."

"அடையாளம் இருக்கில்லே, அது போதும்." சரி போட்டார். பிறகு பேனா நின்றது. சிவப்பு மை புட்டியைத் தேடினார். "பூமி இல்லையா?"

"இல்லைங்க."

"கொஞ்சம்கூடவா?"

"ஊடு நிக்கற எடம்தானுங்க."

"இங்கே பாருங்க லாசர். பூமி இல்லாத இணைப்பு பாதுகாப்பில்லாத இணைப்பு. பாதுகாப்பில்லாத வீட்டுக்குள்ளே எங்க ஆளை அனுப்ப விதியில்லை. அவனுக்கு ஒண்ணு ஆனா யார் பொறுப்பு?"

"அது பாதுகாப்பா இல்லைன்னுதானுங்க நான் வந்ததே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

சிறிது நேரம் நாங்கள் ஒரே கருத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்படீன்னா எனக்குக் கரண்டே வேண்டாமுங்க. கட் பண்ணிருங்க. அரிக்கேன் வெச்சுக்கறோம்."

கைலாசம் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "துண்டித்த இணைப்பை உடனே பூமியுடன் சேர்க்க வேண்டும். விதி நாற்பத்தொன்று. உங்களைத் துண்டிச்சா எந்தப் பூமியிலே கொண்டுபோய்ச் சேர்க்கறது?"

"எப்பத்தானுங்க வருவீங்க?"

"முறைப்படி" என்றார். அது ஒரு கிழமையின் பெயர் போல ஒலித்தது.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் என் தோளைத் தொட்டார். பெயர் காளியண்ணன், சேந்தமங்கலத்துப் பக்கம் விவசாயி. அவர் டயர் செருப்போடுதான் உள்ளே வந்து நின்றிருந்தார். அதனால் நிம்மதியாக மேஜையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"ஏனுங்க, பூமியில்லைன்னா எழுதுனீங்க? என்னங்க நீங்க! என்ற பம்புசெட்டு மோட்டாரத் தொட்டாச் சுள்ளுன்னு அடிக்குது. எருமை தண்ணி குடிக்கக்கூட அந்தப் பக்கம் வாரதில்லை. மனு குடுத்தேன். பூமி உண்டான்னு கேட்டிருந்துது. நாலு ஏக்கரா, கெணத்துப் பாசனம், கடலக்கா போட்டிருக்கறேன்னு எழுதுனேன். 'பூமி நன்று, பாதுகாப்பு நிறைவு'ன்னு முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க."

"வந்து பாத்தாங்களா?"

"எதைய, கடலக்காயவா?"

"மோட்டாரை."

"அதைய எதுக்குங்க பாக்கறாங்க. பூமிதான் நல்லா இருக்குதே."

"இப்பவும் அடிக்குதுங்களா?"

"அடிக்குது. ஆனா இப்ப சர்ட்டிபிகேட்டு இருக்குதுங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஊட்ல அம்மிணி எப்படி இருக்குது?"

அந்த ஆபீஸ் வளாகத்தில் அப்படி ஒரு கேள்வியை முதல்முதலாகக் கேட்டவர் அவர்தான். நான் பதில் சொல்வதற்குள், கிணற்றோரம் ஒரு சென்ட் பூமியை என் பெயருக்குக் குத்தகை எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார். குத்தகைக்கு என்ன தருவது என்று கேட்டேன். "கொழந்த பொறந்தா ஒரு கல்யாணச் சோறு போடுங்க" என்றார். ஞானஸ்நானச் சோறு என்று திருத்தினேன். "எந்தச் சோறா இருந்தா என்னங்க."

அடுத்த வாரம் குத்தகைப் பத்திரத்தோடு போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூமியுள்ளவனாக நடந்தேன். நடை கொஞ்சம் மாறித்தான் இருந்தது. கைலாசம் பத்திரத்தைப் படித்தார். நல்ல கடுதாசியில் எழுதியிருக்கிறது என்று பாராட்டினார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார்.

"பூமி எப்போதும் ஈரமாக இருத்தல் வேண்டும். கரியும் உப்பும் இடுதல் நன்று" என்று அதில் இருந்தது.

"உங்க பூமி புஞ்சை" என்றார் கைலாசம். "ஈரமான பூமின்னா நஞ்சை. போன மாசத்திலிருந்து புஞ்சையை ஏத்துக்கறதில்லை."

"சேந்தமங்கலத்துப் பக்கம் நஞ்சைக்கு எங்கீங்க போறது? காவேரிக்கரைக்குத்தான் போகோணும்."

"காவேரிக்கரையில் விபத்து குறைவுதான்" என்றார் அவர், ஒரு கண்டுபிடிப்பை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு படி உப்பும் ஒரு மூட்டை அடுப்புக்கரியும் வாங்கிக்கொண்டு சேந்தமங்கலம் பஸ் ஏறினேன். காளியண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நான் என் ஒரு சென்ட்டில் உப்பும் கரியும் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தார். "உப்பைப் போட்டா ஒண்ணும் மொளைக்காதுங்க" என்று மட்டும் சொன்னார், தடுக்கவில்லை. பிறகு அந்த ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் போய், என் சென்ட் ஈரமாகிவிட்டதால் நஞ்சை என்று சான்று தரும்படி கேட்டேன். அவர் நல்ல மனிதர். எனக்கு மோர் கொடுத்து, நிழலில் உட்காரச் சொல்லி, ஊருக்குத் திரும்ப அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சொன்னார்.

இதற்குள் வீட்டில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. நான் ஓரடியில் போட்ட கோட்டை அழித்துவிட்டு ஒன்றரை அடியில் போட்டேன். பிறகு இரண்டு. அடுப்படிச் சுவரும் சேர்ந்துகொண்டதும், அங்கே ஒரு கோடு. இசபெல்லாவுக்கு எட்டு மாதம். வயிறு பெருக்கப் பெருக்க வீடு சின்னதாகிக்கொண்டு வந்தது. ஒரு நாள் அவள் புடவைக் கயிற்றைப் பிடித்தபடி நின்று, இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் தொட்டில் கட்ட இடம் இருக்கிறதா என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கயிற்றை ஆட்டி, "டாண் டாண்" என்றாள்.

அன்று அச்சகத்தில் வேலை ஓடவில்லை. மேஜையில் என் மனுவின் நகலை வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சுக்கோப்பவன் எழுத்தைப் பார்ப்பான்; பொருளைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இத்தனை நாளும் தெரியவில்லை. 'இறந்தவை'யில் இருந்த 'ற'வின் கால் உடைந்திருந்தது. அந்த உடைந்த ற எங்களுடையது. இந்தப் படிவத்தை அச்சடித்தது நாங்கள். கோத்தவன் நான்.

ஓடிப்போய்ப் பழைய கையெழுத்துப் பிரதிகள் குத்திவைத்திருக்கும் கம்பியிலிருந்து மூலத்தை உருவினேன். ஏழாம் இனத்துக்குமேல், அழகான சாய்வெழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது: 'வீட்டிலுள்ள மின்கம்பிகள் பற்றிய விவரம்.' அதன் கீழேதான் உயிருள்ளவை, இறந்தவை, பூமி. மூன்றும் கம்பிகள்: கரண்டு ஓடுகிறது, ஓடாதது, மண்ணில் இறக்குவது. ரேடியோ ரிப்பேர்க்காரர் எர்த்து என்றாரே, அதுதான் பூமி. மண்ணில் ஒரு குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, கம்பியை இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்களாம்.

தலைப்பு எங்கே போனது என்றும் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இடம் போதவில்லை. ஒரு வரியை எடுத்தால் அடியில் இலாகாவின் பெயர் சரியாக மையத்தில் நிற்கும். எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை, மூலப்பிரதியோடு பொறியாளர் வீரபாகுவின் அறைக்குள் நுழைந்தேன். அவர்தான் படிவத்தைத் தமிழாக்கியவர். அவருடைய பலகைக்கு மெத்தை தைத்திருந்தது. அவர் முன்னால் நான் முழங்கால் போடாத குறையாக ஒப்புக்கொண்டேன். பிழை என்னுடையது, தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், படிவத்தைத் திருத்துங்கள், இன்றைக்கே ஆளை அனுப்புங்கள் என்றேன்.

வீரபாகு எழுந்தார். பலகையை விட்டு இறங்காமல் இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டினார்.

"நீர்தானா அது?"

"நான்தானுங்க."

"ஐயா, 'வீட்டிலுள்ள மின்கம்பிகள் பற்றிய விவரம்' என்று நான் எழுதியது உரைநடை. நீர் அதை எடுத்த பிறகுதான் அது தமிழாயிற்று! உயிருள்ளவை எத்தனை, இறந்தவை எத்தனை, பூமி உண்டா. என்ன சுருக்கம்! மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது, தெரியுமா?"

"ஆனா அது தப்புங்களே."

"ஒரு பிரதி என்றால் தப்பு. ஐயாயிரம் பிரதி தப்பாகுமா? எட்டு மாதமாக இதை வைத்து முந்நூறு பேருக்குப் பாதுகாப்புச் சான்று கொடுத்திருக்கிறோம். இப்போது திருத்தினால் அவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஆபத்தில் சிக்கிவிடுவார்களே. உமக்கு மனம் வருமா?"

"என்ற சம்சாரத்துக்கு எட்டு மாசமுங்க."

"வாழ்த்துகள்" என்றார் வீரபாகு, உண்மையான மகிழ்ச்சியோடு. "வெள்ளிக்கிழமை மின்காப்பு வார விழா. நீர் மேடையில் இருக்க வேண்டும்."

மேடையில் இருந்தால் பத்துப் பேர் முன்னால் கேட்கலாம் என்று போனேன். சாயங்காலம் பந்தலில் நான்கு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் சீறிக்கொண்டிருந்தன. மின்சார விளக்கு போட இலாகாவே இலாகாவுக்கு அனுமதி மறுத்துவிட்டது. பந்தல் போட்ட இடம் புறம்போக்கு, யாருடைய பூமியும் இல்லை. மேடை முழுவதும் பலகை.

வீரபாகு பேசினார்.

"பெரியோர்களே! சென்ற ஆண்டு நம் பகுதியில் பதினாறு மின்விபத்துகள் ஆங்கிலத்தில் பதிவாயின. இந்த ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு விபத்துகூட இல்லை!" கைதட்டல். "மின்சாரத்தைத் தொட்டவன் 'ஷாக்' என்று அலறிய காலம் மலையேறிவிட்டது. இன்று ஏழைக் குடியானவன்கூடத் தூய தமிழில் துடிக்கிறான்!" மறுபடியும் கைதட்டல். "எங்களைக் குறைகூறுவோர் உண்டு. ஏன் நேரில் வந்து பார்ப்பதில்லை என்கிறார்கள். நேரில் பார்த்தால் குறை தெரியும். குறை தெரிந்தால் மக்கள் அச்சப்படுவார்கள். அச்சமில்லாத குடிமக்களை உருவாக்குவதே எங்கள் நோக்கம். அதற்காகவே நாங்கள் அலுவலகத்தை விட்டு அசைவதில்லை!"

எனக்கு ஒரு ஜரிகைத் துண்டு போர்த்தினார்கள். 'சுருங்கச் சொல்லிச் சுடர் காத்தவர்' என்று பாராட்டுப் பத்திரம் வாசித்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு வரி பேசினேன்.

"எங்க ஊட்டுக்கு எப்பங்க வருவீங்க?"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு சுருக்கமாக இதுவரை யாரும் ஏற்புரை ஆற்றியதில்லை என்று கைலாசம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இசபெல்லா அதை மடித்துப் பார்த்து, "தொட்டிலுக்கு ஆகாது, ஜரிகை குத்தும்" என்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஆபீஸிலிருந்து ஒரு மனிதர் உண்மையிலேயே வந்திருந்தார். லைன்மேன் குழந்தைவேல். இருபது வருஷமாகக் கம்பம் ஏறியதில் கால்விரல்கள் அகன்றுபோன மனிதர். நான் ஓடிப்போய் அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவர் கையில் கருவி எதுவும் இல்லை. ஒரு கடிதம் இருந்தது. 'தங்கள் மனு கனிவுடன் பரிசீலனையில் உள்ளது' என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துக்கும் ரப்பர் முத்திரை.

"உள்ள வந்து உக்காருங்க" என்றாள் இசபெல்லா. "காப்பி தாரேன்."

குழந்தைவேல் வாசற்படியில் நின்று தரையைப் பார்த்தார். அழித்து அழித்துப் போட்ட கோடுகள். நடு வீட்டில் கட்டில். விட்டத்திலிருந்து தொங்கும் புடவை. இசபெல்லா அதைப் பற்றி இழுத்து, ஒரு கையால் இடுப்பைத் தாங்கி, மூச்சு வாங்கியபடி எழுந்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்த ஒற்றையடிப் பாதையில் அடுப்புக்குப் போனாள். காலுக்கு ரப்பர் செருப்பு. முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தது. கயிற்றின்மேல் நடப்பவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

காப்பி வந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க லைன்மேனுதானுங்களே" என்றேன். "கம்பத்துல ஏறி எங்க வயரை மட்டும் கழட்டி உட்ற முடியாதுங்களா? ஆருக்கும் சொல்ல மாட்டேன்."

"போன ஆனியில ஒரு ஊட்டுக்கு அப்பிடித்தானுங்க கழட்டி உட்டேன். அஞ்சு மாசம் சஸ்பெண்டுல இருந்தேன். போன வாரந்தான் மறுக்காச் சேத்துக்கிட்டாங்க. மூணு பொண்ணுங்க எனக்கு." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை. எனக்கே தைரியமில்லாத ஒன்றை அவரிடம் எப்படிக் கேட்பது?

"செரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. முறைப்படி, பரிசீலனை, கனிவு எல்லாம் வேண்டாம். எப்ப வருவாங்க?"

குழந்தைவேல் தம்ளரைக் கீழே வைத்தார். அடுப்படியில் இசபெல்லாவும் பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"வர மாட்டாங்க சாமி. இந்த மாசமும் இல்ல, அடுத்த மாசமும் இல்ல. அளந்து பாக்கற பொட்டி ஒண்ணு இருந்துது. ரிப்பேருக்கு மெட்ராஸ் போயி ஆறு வருசமாச்சு. அது திரும்பி வந்தாலும் இவிய வர மாட்டாங்க. வந்து பாத்தா இந்தத் தெருவுல ஒரு ஊட்டுக்கும் எர்த்து போடலீன்னு எழுதோணும். எழுதுனா அத்தனைக்கும் போடோணும். வராம இருக்கறதுக்குத்தான் படிவமே வெச்சிருக்குது."

"அப்ப நான் என்னதானுங்க பண்றது?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய், கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்தார்.

"கொல்லிமலைப் பக்கம் கறுத்துட்டு வருது. இந்த ஊட்டை நீங்க மறந்தரோணும். மழை எறங்கறதுக்குள்ள அம்மிணிய வெளிய கூட்டிட்டுப் போயிருங்க."